யார் வீட்டு மரக்காலில் நம் படிப்பை அளப்பது?

முனைவர் பட்டம் முடித்த பிள்ளை ஊருக்கு வந்தால் தெருவில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "எப்பப்பா வேலை?" அந்தப் பிள்ளையால் நேராகப் பதில் சொல்ல முடிவதில்லை. நெட் தேர்வு முடிந்துவிட்டது, பட்டம் வாங்கியாயிற்று, இன்னும் என்ன பாக்கி என்று பெற்றோருக்குப் புரிவதும் இல்லை. பாக்கி இருப்பது ஒரு கணக்கு. எத்தனை ஆய்வுக் கட்டுரை, எந்த இதழில், எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள், எச் குறியீடு எவ்வளவு என்று விண்ணப்பப் படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்களில் பலர் அந்தக் கட்டங்களுக்கு முன்னால்தான் நின்றுவிடுகிறார்கள்.

இது பேராசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி என்று தள்ளிவிடக் கூடாது. இடஒதுக்கீட்டில் ஓர் இடம் நிரம்புவதும் காலியாகக் கிடப்பதும் இந்தக் கட்டங்களைப் பொறுத்தும் இருக்கிறது. ஆகவே இந்த வாரம் நாம் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்கிறோம்.

நெல்லை மரக்காலால் அளப்போம். பூவை முழம் போடுவோம். எண்ணெயைப் படியில் ஊற்றுவோம். நெல்லை முழம் போட்டு அளந்தால் அளப்பவரைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஆனால் ஆராய்ச்சி உலகத்தில் அப்படித்தான் நடக்கிறது. வேதியியல், கணிதம், தமிழ், சமூகவியல் எல்லாவற்றையும் ஒரே மரக்காலில் கொட்டி, தலை தட்டி, "உனக்குக் குறைகிறது" என்கிறார்கள்.

முதலில் எச் குறியீடு. இதை 2005-ல் உருவாக்கியவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பணியாற்றியவர். கணக்கு எளிது. ஒருவர் எழுதிய கட்டுரைகளை, அதிக மேற்கோள் பெற்றதிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக எழுதுங்கள். ஐந்து கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். அவை பெற்ற மேற்கோள்கள் 9, 6, 4, 2, 0. மூன்றாவது கட்டுரைக்கு 4 மேற்கோள் இருக்கிறது, அது மூன்றுக்குக் குறையவில்லை. நான்காவதுக்கு 2 தான், அது நான்குக்குக் குறைவு. எனவே அவருடைய எச் குறியீடு 3. குறைந்தது 3 மேற்கோளாவது பெற்ற 3 கட்டுரைகள் அவரிடம் இருக்கின்றன என்று பொருள்.

இதே கணக்கில் இன்னொருவரைப் போட்டுப் பாருங்கள். அவர் வாழ்நாள் முழுக்க உழைத்து ஒரே ஒரு நூல் எழுதினார். அதை 400 பேர் மேற்கோள் காட்டினார்கள். அவருடைய எச் குறியீடு 1. நான்கு கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் நான்கு மேற்கோள் மட்டும் பெற்றவர் அவரைவிட மூன்று படி மேலே நிற்பார்.

ஹிர்ஷ் இதைத் தன் துறையான இயற்பியலை மனத்தில் வைத்துத்தான் செய்தார். துறைக்குத் துறை இந்த எண் மாறும், உயிரியலில் மிக அதிகமாக இருக்கும் என்று அந்த முதல் கட்டுரையிலேயே சொல்லியும் வைத்தார். 2020-ல் அவரே, இந்த எண் எதிர்பாராத தீய விளைவுகளை உண்டாக்கிவிட்டது என்ற பொருளில் எழுதினார். செய்தவரே கவலைப்பட்ட பிறகும் நம் ஊர்த் தேர்வுக் குழுக்கள் அதை விடுவதாக இல்லை.

துறைக்குத் துறை ஏன் மாறுகிறது? மருத்துவம், உயிரியல் போன்ற துறைகளில் ஆய்வாளர்கள் ஏராளம், இதழ்களும் ஏராளம். ஒரு கட்டுரையின் கடைசியில் ஐம்பது அறுபது மேற்கோள் இருப்பது அங்கே சாதாரணம். இன்று வந்த கட்டுரையை அடுத்த ஆண்டே நூறு பேர் எடுத்துக்காட்டிவிடுவார்கள். கணிதத்தில் மேற்கோள் பட்டியல் சிறியது. ஒரு கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளவே ஆண்டுக்கணக்கில் ஆகும். வரலாற்றிலும் இலக்கியத்திலும் ஆட்கள் கட்டுரையைவிட நூலைத்தான் மேற்கோள் காட்டுவார்கள், அதுவும் இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட.

எழுதுபவர்களின் எண்ணிக்கையும் வேறு. 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து வெளியிட்ட ஓர் இயற்பியல் கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். அத்தனை பேர் கணக்கிலும் அந்தக் கட்டுரை ஒன்று ஏறும். ஒப்பாரிப் பாடல்களைத் தேடி ஊர் ஊராகப் போய், இழவு வீட்டில் உட்கார்ந்து, பாட்டிமார்களிடம் கேட்டு எழுதியவர் பெரும்பாலும் தனி ஆள். அவர் கணக்கிலும் ஒன்றுதான் ஏறும். அதே துகளை 1964-லேயே கணித்துச் சொன்ன பீட்டர் ஹிக்ஸ், 2013-ல் நோபல் பரிசு பெற்ற சமயத்தில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்ட செய்தி இன்னும் சுவையானது. இன்றைய அளவுகோலின்படி எந்தப் பல்கலைக்கழகமும் தனக்கு வேலை கொடுத்திருக்காது, அந்த அளவுக்குக் குறைவாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றார். நோபல் பெற்றவருக்கே இந்தக் கதி என்றால் நம் ஊர்த் தமிழ்த்துறை மாணவி எந்த மூலைக்கு!

அடுத்தது இதழின் தாக்கக் காரணி. யூஜின் கார்ஃபீல்ட் என்பவர் 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கினார். அதன் வழியில் வந்த எண் இது. ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே கணக்கு. நூலகம் எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று முடிவு செய்ய உதவிய எண் அது. அந்த இதழில் எழுதிய ஒரு தனி மனிதர் கெட்டிக்காரரா என்று அது சொல்லாது. பேருந்து நல்ல பேருந்து என்பதால் அதில் போகிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் ஆகிவிடுவார்களா? மேலும் இரண்டு ஆண்டுக்குள் வரும் மேற்கோளை மட்டும் எண்ணினால், மெதுவாக நடக்கும் மொழி, வரலாற்றுத் துறைகள் தொடக்கத்திலேயே தோற்றுவிடுகின்றன.

இனி நம் நாட்டு விதிக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைதான் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர் நியமனத்துக்கு அடிப்படையாக இருந்துவருகிறது. அதன்படி இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் குறைந்தது 7 கட்டுரைகளும் 75 ஆய்வு மதிப்பெண்ணும் வேண்டும். பேராசிரியருக்கு 10 கட்டுரைகளும் 120 மதிப்பெண்ணும். உதவிப் பேராசிரியர் பணிக்குப் பல்கலைக்கழகம் போடும் முதல் சல்லடையில் 100-க்கு 10 மதிப்பெண் கட்டுரைகளுக்கு. கட்டுரை ஒன்றுக்கு 2.

ஆய்வு மதிப்பெண் எப்படிச் சேர்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அநியாயம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அறிவியல் துறைக் கட்டுரைக்கு 8. மொழி, கலை, சமூக அறிவியல் கட்டுரைக்கு 10. இதைப் படித்ததும் நமக்குச் சாதகம்போலத் தோன்றும். ஆனால் அதன்மேல் தாக்கக் காரணிக்குக் கூடுதல் மதிப்பெண் இருக்கிறது. தாக்கக் காரணி இல்லாத தரமான இதழுக்கு 5. தாக்கக் காரணி 5 முதல் 10 வரை உள்ள இதழுக்கு 25. பத்துக்கு மேல் போனால் 30. ஒரு வேதியியல் கட்டுரை அப்படிப்பட்ட இதழில் வந்தால் 8-ம் 25-ம் சேர்ந்து 33. ஐந்து பேர் சேர்ந்து எழுதியிருந்தால் முதன்மை ஆசிரியருக்கு அதில் 70 விழுக்காடு, அதாவது 23.1. மற்ற நால்வருக்கும் தலா 30 விழுக்காடு, அதாவது 9.9. கூட்டிப் பாருங்கள்: 33 மதிப்பெண் கட்டுரை ஒன்று ஐந்து பேருக்கும் சேர்த்து 62.7 மதிப்பெண் ஈட்டித் தருகிறது.

இப்போது நூல் எழுதியவரைப் பாருங்கள். நாட்டளவிலான பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 10 மதிப்பெண். பன்னாட்டுப் பதிப்பகம் என்றால் 12. ஐந்து பேரில் ஒருவராகப் பெயர் சேர்க்கப்பட்ட வேதியியல் மாணவருக்கு 9.9, மூன்று ஆண்டு களப்பணி செய்து முந்நூறு பக்க நூல் எழுதியவருக்கு 10. வேதியியல் மாணவர்மீது நமக்குக் கோபம் இல்லை. அவரும் நம் தெருப் பிள்ளையாக இருக்கலாம், ஆய்வுக்கூடத்தில் விடிய விடிய நின்றிருக்கலாம். கோபம் மரக்காலின்மீதுதான்.

அளவை என்ற சொல் நமக்கு வெறும் சொல் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூலி நெல்லை அளக்கும் மரக்கால் பண்ணையார் வீட்டில் இருந்த காலத்தை நம் பாட்டன்கள் பார்த்தவர்கள். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட ஊரில்தான் 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. கீழ்வெண்மணியையும் பல்கலைக்கழகக் கட்டத்தையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் அளவை யார் கையில் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது.

மேற்கோளை எண்ணும் பெரிய தரவுத்தளங்கள் இரண்டு. ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ். இரண்டும் தனியார் நிறுவனங்களின் சொத்து. அவற்றில் இடம்பெறும் இதழ்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். மத்திய அரசின் நிறுவனத் தரவரிசைக்கும் இவற்றிலிருந்தே எண்ணிக்கை எடுக்கிறார்கள். தமிழில் எழுதிய கட்டுரையைத் தமிழில் எழுதிய இன்னொருவர் மேற்கோள் காட்டினால், அது அந்தக் கணக்குப் புத்தகத்தில் அநேகமாக ஏறுவதே இல்லை. ஊரில் நடக்கும் பேச்சு சேரிக்குக் கேட்கும். சேரியில் நடக்கும் பேச்சு ஊருக்குக் கேட்காது. அதுபோலத்தான்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கி, 1914-ல் மறையும்வரை அதில் எழுதிக் குவித்தார். 'இந்திரர் தேச சரித்திரம்' அதில் வந்த ஆய்வு. இன்று அதைப் பற்றி முனைவர் பட்டங்கள் எழுகின்றன. அந்தக் காலத்தில் இன்றைய அட்டவணை இருந்திருந்தால் பண்டிதருக்கு என்ன கிடைத்திருக்கும்? அவர் எழுதியது அவரே நடத்திய இதழில், தமிழில். சுழியம்தான்.

அண்ணல் அம்பேத்கரையே எடுத்துக்கொள்வோம். 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரை 1917-ல் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் வந்தது. அதற்கு மதிப்பெண் உண்டு. 1923-ல் லண்டன் பதிப்பகம் வெளியிட்ட ரூபாய் பற்றிய நூலுக்கு 12 கொடுக்கலாம். ஆனால் 'சாதி ஒழிப்பு'? 1936-ல் லாகூரில் பேசுவதற்காக எழுதினார். அழைத்தவர்கள் உரையைப் பார்த்துப் பயந்து மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் சொந்தச் செலவில் 1,500 படி அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழாக்கி வெளியிட்டார். உலகமெங்கும் இன்றுவரை படிக்கப்படும் அந்த நூலுக்கு நம் மானியக் குழு அட்டவணையில் இடமே இல்லை. ஆசிரியர் தானே வெளியிடும் நூல் என்ற வரிசை அதில் கிடையாது. 'மூக்நாயக்' இதழில் மராத்தியில் எழுதியவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மேற்கோள் என்பது தரத்துக்கு மட்டும் கிடைக்கும் பரிசு என்று நம்ப வேண்டாம். யார் நம்மை அறிவார்கள், யார் நம்மைக் கருத்தரங்குக்கு அழைப்பார்கள், நம் வழிகாட்டிக்கு எவ்வளவு தொடர்பு என்பதெல்லாம் அதில் சேர்கிறது. ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேர்கிறது என்பதை ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1968-லேயே எழுதினார். உள்ளவனுக்கே கொடுக்கப்படும் என்ற விவிலிய வசனத்தை ஒட்டி அதற்கு மத்தேயு விளைவு என்று பெயர் வைத்தார். நம் நாட்டில் இதற்குச் சாதி முகம் இருக்கிறது. சமூக அறிவியலில் கோட்பாடு படைப்பது ஒரு சாரார், தரவாக நிற்பது இன்னொரு சாரார் என்ற நிலையைக் கோபால் குரு 2002-ல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் கடுமையாக விமரிசித்தார். நம் தெருவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவருக்கு மேற்கோள் குவியும். அந்தத் தெருவில் பிறந்து, தமிழில் எழுதியவர் அடிக்குறிப்பில் "உள்ளூர்த் தகவலாளி" ஆகிவிடுவார்.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, சின்னதுபோலத் தெரியும், ஆனால் பெரிய இழப்பு. அந்தத் தரவுத்தளங்கள் குடும்பப் பெயர் கேட்கின்றன. சாதிப் பெயரைத் தூக்கி எறிந்தது தமிழ்நாட்டின் பெருமை. நமக்கு இருப்பது முன்னெழுத்தும் பெயரும்தான். ஒரு கட்டுரையில் எஸ். குமார், இன்னொன்றில் குமார் எஸ்., மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக வந்து செல்வம் குமார். கணினி இவரை மூன்று ஆட்களாக்கிவிடும். மூன்று பேருக்கும் எச் குறியீடு ஒன்று ஒன்று. ஒரே ஆளாகச் சேர்த்திருந்தால் மூன்று வந்திருக்கலாம். எதிர்ப்பக்கம், நாடெங்கும் உள்ள எஸ். குமார்களின் மேற்கோள் எல்லாம் ஒருவர் கணக்கில் போய்ச் சேர்வதும் நடக்கிறது. இதற்கு ஒரு வழி உண்டு. ஆர்கிட் என்ற 16 இலக்க எண் 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வில் சேர்ந்த அன்றே அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். முதல் கட்டுரையில் எப்படிப் பெயர் போட்டீர்களோ கடைசிவரை அப்படியே போடுங்கள்.

கட்டுரை எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று அறிவித்த உடனே சந்தை முளைத்தது. பணம் கட்டினால் இரண்டே நாளில் கட்டுரை அச்சாகும் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது. மானியக் குழுவே ஒரு பட்டியல் போட்டு, 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டு, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதில் அடிபடுவது யார்? நல்ல வழிகாட்டி அமைந்தவருக்கு எது போலி, எது அசல் என்று முதல் நாளே தெரிந்துவிடும். வீட்டில் கேட்க ஆள் இல்லாதவர்தான் பணத்தைக் கட்டி ஏமாறுகிறார். முழுநேர ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. அந்தப் பணம் போலி இதழ்க்காரர் பைக்குப் போகக் கூடாது. எழுதியதைச் சக அறிஞர் யாரும் படித்துக் குறை சொல்லாமல் உடனே ஏற்றுக்கொள்ளும் இதழ், இதழே அல்ல. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை மானியக் குழு 2022-லேயே எடுத்துவிட்டது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு ஓடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நண்பர் கேட்பார்: அப்படியானால் இந்த எண்ணே வேண்டாம் என்கிறீர்களா? பெரிய பெரிய அறிஞர்கள் அப்படிச் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணை விடுங்கள், ஆளின் எழுத்தைப் படித்து மதிப்பிடுங்கள் என்கிறார்கள். ஆனால் இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

எண் போனால் அந்த இடத்தில் வந்து உட்காருவது எது? நேர்காணல் அறை. 2018 விதியிலேயே, உதவிப் பேராசிரியர் பணிக்கு அந்த 100 மதிப்பெண் எல்லாம் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டும்தான். தேர்வு நேர்காணலில் காட்டும் திறமையை வைத்தே என்று எழுதியிருக்கிறது. அதாவது கட்டுரை எழுதி, மதிப்பெண் சேர்த்து, கதவுவரை வந்துவிடலாம். கதவுக்கு உள்ளே எல்லாம் சுழியத்திலிருந்து தொடங்கும். அங்கே மூன்றே நிமிடத்தில் "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று எழுதி இடத்தைக் காலியாக வைத்துவிட முடியும். டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் அமைத்த அப்துல் நஃபே குழு 2016-ல் கண்டு சொன்னது என்ன? எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் வாய்மொழித் தேர்வில் போட்ட மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு சமூகப் பிரிவுக்கு ஏற்ப ஒரே சீராக மாறுகிறது, பாகுபாட்டுக்கான அறிகுறி அதில் இருக்கிறது என்று. எழுத்துத் தேர்வில் பெயர் தெரியாது. வாய்மொழியில் முகம் தெரியும், ஊர் தெரியும், உச்சரிப்பு தெரியும்.

ஆகவே எண்ணை ஒழி என்று நாம் கோஷம் போடத் தயாராக இல்லை. தப்பான எண்கூட ஒரு காகிதத்தில் இருக்கிறது, அதை எடுத்து நீதிமன்றத்தில் காட்டலாம். தேர்வுக் குழுத் தலைவரின் முகச்சுளிப்பை எந்த நீதிமன்றத்தில் காட்டுவது? 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு விதி, மதிப்பெண் அட்டவணையை எடுத்துவிட்டு, ஒன்பது வகைப் பங்களிப்புகளில் நான்கிலாவது குறிப்பிடத்தக்க பணி இருக்க வேண்டும் என்றது. துணைவேந்தர் நியமனத்தைக் காரணம் காட்டி தமிழ்நாடு சட்டமன்றம் அந்த வரைவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது, சரிதான். ஆனால் அந்த "குறிப்பிடத்தக்க" என்ற சொல்லைப் பற்றி அதே அளவுக்கு யாரும் சத்தம் போடவில்லை. எது குறிப்பிடத்தக்கது என்று யார் முடிவு செய்வார்கள்? நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஆபத்து அந்த ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது.

நாம் கேட்பது சரியான மரக்கால். அது உலகத்தில் இல்லாத பொருள் அல்ல. 2015-ல் நேச்சர் இதழில் வந்த லெய்டன் அறிக்கை பத்து நெறிகளைச் சொல்கிறது. துறைக்குத் துறை வேறுபடும் வழக்கத்தைக் கணக்கில் எடு என்பது அதில் ஒன்று. உள்ளூருக்குத் தேவையான ஆய்வின் சிறப்பைக் காப்பாற்று என்பது இன்னொன்று. அதற்கு முன்பே சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், இதழின் தாக்கக் காரணியை வைத்துத் தனிமனிதரை எடைபோடாதே என்றது.

துறை வாரியாக ஒப்பிடுவது எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுவோம். ஒரு கணிதக் கட்டுரைக்கு 6 மேற்கோள். அதே ஆண்டில் வந்த கணிதக் கட்டுரைகளின் சராசரி 3 என்றால், அவருடைய மதிப்பு 2. ஒரு மருத்துவக் கட்டுரைக்கு 20 மேற்கோள், அங்கே சராசரி 25 என்றால் மதிப்பு 0.8. வெறும் எண்ணாகப் பார்த்தால் மருத்துவர் மூன்று மடங்கு மேலே. அவரவர் களத்தில் வைத்துப் பார்த்தால் கணிதக்காரர் முந்துகிறார். இதிலும் ஓட்டை உண்டு. சாதி பற்றிய ஆய்வை எந்தக் கூடையில் போடுவது? வரலாறா, சமூகவியலா, இலக்கியமா? கூடை மாறினால் சராசரி மாறும், சராசரி மாறினால் ஆளின் மதிப்பு மாறும். தமிழ்க் கட்டுரைகள் தரவுத்தளத்திலேயே இல்லாதபோது தமிழுக்கு எந்தச் சராசரியை எடுப்பது? எனவே தமிழுக்கென்று ஒரு மேற்கோள் அட்டவணை வேண்டும். ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்கா என்ற மின் களஞ்சியத்தை நாட்டுக்கே நடத்த முடிகிறபோது, தமிழ் ஆய்விதழ்களையும் நூல்களையும் சேர்த்து மேற்கோளை எண்ணும் ஒரு பொது அட்டவணையை மாநில அரசால் நடத்த முடியாதா? சிற்றிதழ்களும் சிறு பதிப்பகங்களும் வெளியிட்ட தலித் ஆய்வுகள் அதில் ஏற வேண்டும். அதுவரை தமிழ்த்துறை ஆளைத் தமிழ்த்துறை ஆளோடு ஒப்பிடுங்கள், நூலுக்குக் கட்டுரையைவிடக் குறைத்துப் போடாதீர்கள். அரசாணை ஒன்று போதும்.

நேர்காணல் மதிப்பெண்ணுக்கு உச்சவரம்பு வேண்டும், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு போட்டார்கள் என்று முடிவோடு சேர்த்தே வெளியிட வேண்டும். இடஒதுக்கீட்டு இடத்துக்குத் தகுதியானவர் இல்லை என்று எழுதினால், வந்தவர்களின் ஆய்வு மதிப்பெண் என்ன, அவர்கள் எதில் தகுதி இழந்தார்கள் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

அரசு இதைச் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பித்து வேலை கிடைக்காமல் திரும்பிய நம் பிள்ளைகள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். முதல் சல்லடையில் எனக்கு எத்தனை மதிப்பெண், அதில் கட்டுரைகளுக்கு எவ்வளவு, எந்தக் கட்டுரையை எந்தக் காரணத்தால் ஏற்கவில்லை, நேர்காணலில் எனக்கு எவ்வளவு, இந்தப் பணியில் எத்தனை பட்டியலின இடம் நிரப்பாமல் விடப்பட்டது. இந்த ஐந்து கேள்வி போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த கடிதம். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு ஊரில் உள்ள படித்தவர்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.